மடத்துக் குளத்துக் குங்குமக் கெண்டை

என் வீட்டுக்காரர் சவரிராயன் திருச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். தெருவில் அவருக்கு மீன்கார வாத்தியார் என்று பேர். கல்யாணமான புதிதில் எனக்கு மானமே போனது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காவிரியில் இறங்கிவிடுவார். ஊரே மீனைக் குழம்புக்கு வாங்கும். இந்த மனுஷன் அது எங்கே முட்டையிடும் என்று பார்க்கப் போவார்.

முசிறிப் பக்கம் ஆற்றில் ஆழமான ஒரு மடுவில் மட்டும் குங்குமக் கெண்டை இருந்தது. விரல் நீளம், செவுளருகே பொட்டு வைத்தாற்போல் சிவப்பு. ஐம்பத்தாறாம் வருஷம் அந்த மடுவில் வெடித் தோட்டா போட்டு மீன் பிடிக்க ஆரம்பித்தார்கள். இவர் பதறிப்போனார். தப்பியவற்றைக் குடத்தில் அள்ளி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே ஸ்ரீரங்கம் போனார். அங்கே ஒரு மடத்துக் குளம். பெருமாள் குளம் என்பதால் யாரும் வலை போட மாட்டார்கள், பொரிதான் போடுவார்கள். வேதக்காரரான இவர், ஒரு கிறிஸ்தவர், போய் மடத்துக் காரியஸ்தர் காலில் விழாத குறையாக அனுமதி வாங்கினார். ‘இங்கு எந்த மீனையும் பிடிக்கக் கூடாது’ என்று பலகை எழுதி அவரே மாட்டினார்.

மீன்துறையில் வேலை பார்த்த வெள்ளைச்சாமி எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை மாதிரி. அவன் “அண்ணே” என்பான், இவர் “வாடா” என்பார். ஜிலேபிக் கெண்டை நம் ஊருக்கு வந்த புதிது அது. விட்ட இடத்தில் பல்கிப் பெருகி, மற்ற மீனின் முட்டையைத் தின்று தீர்த்துவிடும்.

“அந்தக் குளத்துல மட்டும் அதை விட்டுடாதடா.”

“உங்க தலைமேல சத்தியம்ண்ணே!”

அறுபத்தொன்றில் இவர் டைபாய்டில் படுத்தார். தேறியதும் பொரியோடு குளத்துக்கு ஓடினார். வாயைப் பிளந்துகொண்டு வந்ததெல்லாம் ஜிலேபிக் கெண்டை. குங்குமம் ஒன்றுகூட இல்லை.

நடந்தது இதுதான். மீன்துறைப் பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார். மற்ற குளங்களில் விட்ட ஜிலேபிக் குஞ்சுகளை ஊர்க்காரர்கள் பிடித்துத் தின்றுவிட்டார்கள். யாரும் பிடிக்காத குளம் எது என்று வெள்ளைச்சாமிக்குத் தெரியும்; அதிகாரி வருவதற்குள் அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டான். காட்டிக் கொடுத்ததே இவர்தானே! உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்த பாவி.

ஜிலேபிக் கெண்டையை மட்டும் அரித்து எடுத்தால் குங்குமத்தில் மிச்சம் மீதி இருந்தால் பிழைக்குமே என்று காரியஸ்தரிடம் கெஞ்சினார்.

“பெருமாள் குளத்துல வலையா? அபசாரம்! எந்த மீனையும் பிடிக்கப்படாதுன்னு நீங்கதானே பலகை மாட்டினேள்?” என்றார் அவர். இவர் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.

அடுத்த மாதம் வெள்ளைச்சாமி இனிப்புப் பொட்டலத்தோடு வந்தான். மீன்துறையில் இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டானாம்.

“மீனுதானேண்ணே, ஒண்ணு போனா இன்னொண்ணு. என் பொழப்பையும் பாருங்கண்ணே.”

நான் விளக்குமாற்றைத் தேடினேன். இவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அவனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்க, இன்ஸ்பெக்டர். இனிமே என்னை சார்னே கூப்பிடுங்க” என்றார்.