கொப்பளிப்பில் தொடங்கிய பாடம்

எங்கள் வீட்டுக்குள் பிரஷ் என்ற பொருள் வந்ததே அண்ணனால்தான். அதுவரை எல்லாருக்கும் பல்பொடியும் விரலும். அண்ணனுக்கு அறிவு வளர்ச்சி மெதுவாக வந்தது. என்னைவிடப் பெரியவன் என்றாலும் அம்மாதான் தேய்த்துவிடுவாள். அவன் விரலைக் கடித்துவிடுவான்.

ஒருமுறை கடைவாய்ப்பல் சொத்தையாகிக் கன்னம் வீங்கிவிட்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஆள் மாற்றி ஆள் பிடித்துக்கொண்டுதான் அதைப் பிடுங்க முடிந்தது. மற்ற பற்களும் கெட்டால் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். மயங்கின பிள்ளை திரும்ப எழுந்திருக்காது என்று அம்மா நம்பினாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

திருப்போரூரில் அண்ணன் படித்த சிறப்புப் பள்ளியின் டீச்சர் வீட்டுக்கே வந்தார். வந்தவர் அவனுக்குக் கொப்பளிக்கத்தான் கற்றுத்தந்தார். தேய்ப்பதையெல்லாம் அவன் கைமேல் கைவைத்து அம்மா செய்ய வேண்டும். கடைசியில் கொப்பளித்துத் துப்புவது மட்டும் அவன் வேலை. அது வந்தபின் அதற்கு முந்தைய வேலையும் அவனுக்கு, இப்படியே கடைசியிலிருந்து முதலுக்கு. எங்கள் வீட்டில் முதலில் எழுதப் படிக்கக் கற்றவள் நான். எனக்கு இது ஆய்த எழுத்தில் தொடங்கி 'அ'வுக்கு வருவதுபோல் பட்டது. டீச்சருக்கே பாடம் தெரியவில்லையோ என்று சந்தேகப்பட்டேன்.

அண்ணன் மற்றவர்களைப் பார்த்து அதேபோல் செய்கிறவன், அதனால் வீட்டில் எல்லாருமே அவன் எதிரில் பிரஷ் பிடிக்க வேண்டும் என்றும் சொன்னார் டீச்சர்.

"இன்னா டீச்சர், இந்த வயசுல என்னியும் ஸ்கூல்ல சேத்துட்டீங்க போல கீதே" என்றார் ஷேர் ஆட்டோ ஓட்டும் அப்பா. ஆனால் மறுநாளே பிரஷ்ஷோடு குழாயடிக்கு வந்துவிட்டார்.

நாங்கள் வரிசையாக நின்று தேய்ப்பதைப் பார்த்து, குடும்பமே கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டதா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்காத நாளில்லை. அண்ணன் முதன்முதலாகத் துப்பியது அப்பாவின் காக்கிச் சட்டைமேல்.

"அப்டித்தான் நைனா, துப்பு" என்று அப்பா கைதட்டினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அண்ணன் துப்பியதும் எல்லாரும் தட்டினோம்.

மழைக்காலம் முடிந்த ஒரு காலையில், வழக்கம்போல் கைபிடிக்கப் போன அம்மாவை அவன் தள்ளிவிட்டான்.

"வுடு. நானு."

முன்பற்களைத்தான் அதிகம் தேய்த்தான். ஆனாலும் தேய்த்தது, கொப்பளித்தது, துப்பியது எல்லாம் அவனே. பிறகு ஈர முகத்தோடு எங்களைப் பார்த்து, தானே கைதட்டிக்கொண்டான்.

அம்மா பயந்த அந்த மயக்க மருந்து அவனுக்கு இன்றுவரை தேவைப்படவில்லை. காலையில் பிரஷ்ஷை எடுக்கும்போதெல்லாம் அந்த டீச்சரை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

அன்று அம்மா, தள்ளிவிடப்பட்ட கையை என்ன செய்வதென்று தெரியாமல், கழுவிய குடத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. வருத்தம் என்று நினைத்து, அவன் வேண்டுமென்று தள்ளவில்லை என்று சமாதானம் சொன்னேன்.

"தள்ளட்டும்டி. தெனிக்கும் தள்ளட்டும்."

கையைத் தள்ளிவிட்டதற்கு யாராவது சந்தோஷப்படுவார்களா என்று யோசித்துக்கொண்டே நான் வாயைக் கொப்பளித்தேன்.