காற்றுப் பை மாட்டிய ஜீப்

துபாயிலிருந்து வந்த ஒருவர் என் பட்டறைக்குத் தன் ஜீப்பைக் கொண்டுவந்து, மலைமேல் இருக்கும் ரப்பர் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்றார். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி. ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி, உயரத்தை ஏற்றி இறக்கும் காற்றுப் பைகளை மாட்டினேன். ஆக்சிலையும் தடித்ததாக மாற்றினேன். இரண்டு மாதம் முதுகு ஒடிந்தது.

அடுத்த மாதம் வடசேரிச் சந்தை வாசலில் அதே ஜீப் நின்றது. அவர் பொத்தானை அழுத்த அழுத்த, வண்டி ஒட்டகம்போல் எழுந்து எழுந்து உட்கார்ந்தது. சுற்றி நின்றவர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். நான் வண்டிப் பக்கத்தில் போனேன்.

“தோட்டத்துக்குப் போனியளா?” என்று கேட்டேன்.

“எங்கண்ணே, கல்லுல பெயின்டு கீறிரும்லா. அங்க பஸ்ஸுலதான் போறேன்” என்றார்.

நான்கு சக்கரத்தையும் இழுக்க வைக்கும் லிவரில் சாளை மீன் பை சொட்டிக்கொண்டு தொங்கியது.