சந்தனக் கலருக்கு வைத்த கைநாட்டு

துடைப்பத்தோடு கம்பெனிக்குள் போனவள் பின்னாளில் பேக்கிங் லைனுக்கும் ஏறினாள். ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் ஒன்றரை சென்ட் மனை வாங்கி, புருஷன் கைக்குப் போகாமல் தன் பேரிலேயே பதிவு செய்தாள். தளம் போட்ட வீடு கட்டினாள். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் ஒதுங்காத ராயக்கோட்டைச் சென்னம்மாவுக்கு இவ்வளவும் கைகூடியது. வீட்டுக்கு நீலம் அடிப்பதுதான் லேசில் கைகூடவில்லை.

பதினோரு வருஷம் தகரக் கூரை லைன் வீட்டில் வெந்தவள் அவள். பெருக்கப் போன கம்பெனியில் முதலுதவி அறைக்கு மட்டும் வெளிர்நீலச் சுவர். உள்ளே நுழைந்தாலே முதுகு வேர்வை அடங்கும். அந்தக் கலரைத் தன் வாசல் சுவரில் ஒரு சாண் பூசிப் பார்த்தாள். நாத்தனார் சரசம்மா பக்கத்திலேயே சந்தனக் கலரைப் பூசவைத்தாள்.

“நீலத்துக்கு முன்னால நீ நின்னா பல்லு மட்டுந்தாண்டி தெரியும்.”

புருஷன் தீர்த்தகிரி சிரித்தான்.

“தெரியட்டும் அண்ணி. எனக்கு நீலந்தான்.”

2006 ஆவணியில் செல்வத்தின் பெயின்ட் கடைக்குப் போனார்கள்.

“மெஷின்ல கலந்துட்டா திருப்பி எடுக்க மாட்டோம்மா. கலர் நம்பரப் பாத்து கையெழுத்துப் போடுங்க,” என்றான் செல்வம்.

எட்டாவது படித்த சரசம்மா நம்பரை எழுதிச் சீட்டை நீட்டினாள். “உன் நீலந்தாண்டி, வை.” சென்னம்மா கட்டைவிரலை அழுத்தினாள்.

மறுநாள் டப்பாவைத் திறந்தால் சந்தனம்.

“அண்ணி, நான் இதக் கேக்கலியே!”

“ரேகை யாருது? என்னுதா?” சரசம்மா அவள் கட்டைவிரலைப் பிடித்துத் தூக்கினாள். “பாத்துக்குங்கப்பா, வீட்டுக்காரம்மா கையெழுத்து!”

பெயின்டர்கள் சிரித்து ஓய்ந்த பிறகும் தீர்த்தகிரி சிரித்துக்கொண்டிருந்தான். ஒரு கோட்டு அடித்தும் வாசலோரம் அந்த ஒரு சாண் நீலம் மங்கலாகத் தெரிந்தது. இன்னொரு கோட்டு அடிக்கச் சொன்னாள் சரசம்மா.

அடுத்த வருஷம் பேக்கிங்குக்கு மாறிய சென்னம்மா பெட்டி மேலிருந்த நம்பர்களைப் படிக்கப் பழகினாள். பிறகு கழுத்து அட்டையிலிருந்த தன் பேரைப் பார்த்துக் கிழிந்த அட்டைப்பெட்டிகளில் எழுதினாள். யாரிடமும் சொல்லவில்லை.

2008 கடைசியில் இடுப்பெலும்பு முறிந்த சரசம்மாவை அவள் மகன்கள் கொண்டுவந்து சென்னம்மா வீட்டு முன்னறையில் போட்டுவிட்டுப் போனார்கள். பொங்கலுக்குப் பெயின்ட் அடிக்கும் பேச்சு வந்தது.

“இந்த ரூம மட்டும் விட்டுடு தாயி. நீலத்தப் பாத்தா ஆஸ்பத்திரியாட்டம் இருக்குது. பயமா இருக்குது.” ‘டி’ காணாமல் போயிருந்தது.

“சந்தனமே எழுதறேன் அண்ணி. மாத்திரையப் போட்டுக்குங்க.”

செல்வத்தின் கடையில் முன்னறை உட்பட எல்லா அறைக்கும் ஒரே நம்பரை எழுதினாள். கலர் அட்டையில் நீலத்துக்குக் கீழிருந்த நம்பரோடு இரண்டு தடவை ஒத்துப் பார்த்தாள். முதல் கோட்டு கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் அடிக்க வேண்டும் என்றாள். செல்வம் பழக்கத்தில் மைப்பெட்டியை நகர்த்தினான். அதைத் திருப்பித் தள்ளிவிட்டுப் பேனா கேட்டாள். ஐந்து எழுத்தும் கோட்டை விட்டு இறங்காமல் நின்றன. கீழே தேதியையும் அவளே போட்டாள்: 5-1-2009.