மேலகரத்தில் கிடைத்த அக்கா

1950களில் தென்காசியில் பிறப்பு, இறப்புப் பதிவு குமாஸ்தாவாக இருந்தேன். கனவு மாதிரி சாரல் மிதந்த ஒரு காலையில் சுவீடன் நாட்டுப் பெண்மணி ஒருவர் வந்தார். அவருடைய பெற்றோர் ஒரு காலத்தில் குற்றாலத்தில் குடியேறி, கிராம்புத் தோட்டம் போட்டவர்கள். இங்கே பிறந்து சில நாளிலேயே இறந்த தன் அக்காவைப் பற்றித் தேடினார்.

பதிவேட்டில் இறப்பைத் தெரிவித்திருந்தவர் மேலகரத்து விவசாயி. அவர் வீட்டுக்குப் போனோம். அவருடைய மகள்தான் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் வந்தவரின் கன்னத்தைத் தடவினார்.

"என்னப் பெத்தவ பிரசவத்துலயே போயிட்டா. புள்ளயப் பறிகொடுத்த இவ அம்மைதான் எனக்குப் பால் குடுத்தாவ. இவ எனக்குத் தங்கச்சில்லா!"

ஆங்கிலத்தில் சொன்னேன். சுவீடன் பெண்மணி அவர் கையைப் பற்றிக்கொண்டு அழுதார்.

"இந்தியாவில் இரண்டு பெண்களை விட்டு வந்தேன் என்று அம்மா கடைசிவரை சொன்னார். புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்தோம்."

அதன்பின் ஒவ்வொரு பெயரை எழுதும்போதும், எழுத்தில் வராமல் போனவர்களை நினைத்துக்கொள்வேன்.