மோர் ஊற்றும் கை

விருத்தாசலத்தில் என் புகுந்த வீட்டுக்காரர்கள் செராமிக் கம்பெனி வைத்திருந்தார்கள். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு சூளை, ஒரு தகரக் கொட்டகை, ஃபியூஸ் கட்டை செய்ய நாலைந்து ஆட்கள், அவ்வளவுதான். தெருவில் யாரைக் கேட்டாலும் கம்பெனியைச் சொல்ல மாட்டார்கள், மோர்ப் பந்தலைத்தான் சொல்வார்கள். சித்திரை பிறந்ததிலிருந்து கத்திரி வெயில் முடியும் வரை கம்பெனி வாசலில் பந்தல் போட்டு, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் மோர் கொடுப்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம்.

தை மாதமே பேச்சு தொடங்கிவிடும். மாமனார் நடுவில் உட்காருவார். மூத்தவர் பால், அடுத்தவர் கீற்றும் மூங்கிலும், கடைசி மகனான என் வீட்டுக்காரர் தண்ணீர் வண்டி என்று பிரித்துக்கொள்வார்கள். சொத்துக்குச் சண்டை போடும் அண்ணன் தம்பிகளைப் பார்த்திருக்கிறேன். இவர்கள் கொடுப்பதற்குச் சண்டை போடுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். "பந்தல் இருக்கற வரைக்கும் இந்தக் குடும்பம் பிரியாது" என்பார் மாமனார். ஊற்றுகிற கையைப் பற்றி மட்டும் அங்கே யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அது மருமகள்கள் சமாச்சாரம்.

கல்யாணமாகி வந்த முதல் சித்திரையில் பானைகளுக்குப் பொட்டு வைத்துச் சூடம் ஏற்றினார்கள். அதுவரை ஊற்றிவந்த மாமியாருக்குத் தோள் வலி. "இனிமே யாரு ஊத்தப் போறீங்க?" என்று மாமனார் கேட்டார். நான் புது மருமகள், நல்ல பேர் வாங்கும் ஆசை வேறு. "நானே ஊத்துறேன் மாமா" என்று முந்திக்கொண்டேன். பக்கத்தில் நின்ற ஓரகத்திகள் இருவரும் கப்சிப். ஏன் என்று பிறகுதான் புரிந்தது. சூடம் எரியும்போது சொன்ன சொல் அந்த வீட்டில் சாமிக்குக் கொடுத்த வாக்கு. சொன்னவள்தான் வருஷா வருஷம் ஊற்ற வேண்டும். பந்தல் பிரிக்கும் வரை வெளியூரில் தங்கவும் கூடாது. இதை முன்கூட்டிச் சொல்ல ஒரு ஜீவனுக்கும் மனசு வரவில்லை. பெரிய ஓரகத்தி மட்டும் அன்று சாப்பிடும்போது, "மாட்டிக்கிட்டியாடி" என்று சிரித்தாள்.

பிள்ளைகளுக்கு ஸ்கூல் லீவு விட்டால் ஊரில் உள்ள பெண்களெல்லாம் அம்மா வீட்டுக்குப் போவார்கள். எனக்குக் கோடை என்றால் கரண்டிதான். பச்சை மிளகாயும் இஞ்சியும் நறுக்கி விரலெல்லாம் எரியும். "புண்ணியவதி, நல்லா இரும்மா" என்று குடித்துவிட்டு வாழ்த்துவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் புண்ணியத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், என்னை ஒரு வாரம் விடுங்கள் என்று கத்தத் தோன்றும். கத்தியதில்லை.

சில வருஷம் கழித்து ஒரு சித்திரையில், திட்டக்குடியில் தனியாக இருந்த என் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. அப்பா இல்லை, நான் ஒரே பெண். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடக்கூட ஆள் வேண்டும். வீட்டில் அப்போது ஒரே ஒரு செல்போன், அதுவும் மாமனாரின் சட்டைப் பையில். அம்மா பேசியதை அவர்தான் வந்து சொன்னார். "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிதாம். பக்கத்து வூட்டுப் பொண்ணு பாத்துக்குதாம். நீ கவலப்படாத." அவருக்கு விஷயம் அத்தோடு முடிந்தது.

சாயங்காலம் பந்தல் மூடியதும் பஸ் ஏறிப் போய் வரலாமே என்று தோன்றலாம். மறுநாளைக்குப் பால் காய்ச்சி உறை ஊற்றுவதும் அதே கையாக இருக்க வேண்டும். என் வீட்டுக்காரரிடம் அழுதேன். "கத்திரி முடியட்டும், நானே கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றார். நல்ல மனுஷன்தான், அப்பா முன்னால் மட்டும் நாக்கு எழும்பாது.

நானே மாமனாரிடம் போய் நின்றேன். "மாசத்துல அந்த மூணு நாளு பெரியக்காதான மாமா ஊத்துறாங்க? அப்ப சாமி ஒண்ணும் சொல்லலியே. இப்பவும் அக்காவே ஊத்தட்டும்." ஆம்பிளைகள் இருக்கிற இடத்தில் இதைச் சொல்லிவிட்டேனே என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். மாமனார் என் முகத்தைப் பார்க்காமல், "அது தீட்டு, இது வாக்கு. ரெண்டும் ஒண்ணாம்மா?" என்றார். அதற்கு மேல் நான் யாரிடம் போவது?

அடுத்த வாரம் ஒரு மத்தியானம். நல்ல வெயில், நீள வரிசை. முக்காடு போட்டு, ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடி மாட்டிய ஒருத்தி என் முன்னால் டம்ளரை நீட்டினாள். கையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, என் அம்மா.

"வூட்டுக்குள்ள வாம்மா" என்றேன்.

"வேணாம். ஒன்னக் கூப்புட வந்தேன்னு நெனப்பாங்க. ஒன் மொகத்தப் பாக்கத்தான் வந்தேன். இப்ப நல்லாத் தெரியுது. எளச்சிப் போயிட்ட. ஊத்து, பின்னாடி நிக்கிறாங்க."

குடித்துவிட்டு நகர்ந்தாள். போய்விட்டாள் என்று நினைத்தேன். மறுபடியும் வரிசையின் கடைசியில் நின்றிருந்தாள். ஊர்ந்து ஊர்ந்து முன்னால் வந்து, "கொழந்தைங்க நல்லா இருக்குதா?" என்று கேட்டாள். "இருக்குதும்மா" என்றேன். டம்ளரை விளிம்பு வரை நிரப்பினேன். அவள் திரும்பவும் கடைசிக்குப் போனாள்.

கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது மாமனார் வேலை. அவர் பார்த்துவிட்டார். "எத்தினி தடவதாம்மா வருவ? மத்தவங்களும் குடிக்கணுமில்ல?"

"சரிங்க" என்றாள் அம்மா. வரிசையை விட்டு விலகி, பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள்.

"மாமா, அது எங்கம்மா!" என்று கத்திவிட்டேன். கரண்டியைப் போட்டுவிட்டு ஓட வேண்டும் போலிருந்தது, ஆனால் முகத்துக்கு முன்னால் டம்ளர்கள் நீண்டுகொண்டே இருந்தன. மாமனார் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார். பிறகு வரிசையைப் பார்த்தார்.

"மொதல்லயே சொல்றதுக்கு என்னம்மா?" என்றார். "சரி, வெயில்ல நிக்கிறாங்க. ஊத்து."

ஊற்றினேன்.