மயிலூற்றுப் பாறையில் ஒரு காலி இடம்

யுத்தம் முடியாத அந்த ஐப்பசியில், அரியலூரில் என் ஸ்டூடியோவில் படம் பதியும் கண்ணாடி பிளேட் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். புதிது எங்கேயும் கிடைக்கவில்லை. அதைத் தொடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. முந்தின வருஷம் பிரசவத்தில் என் மனைவி ஆரோக்கியமேரி போய்விட்டாள். ஊரிலுள்ள ஜோடிகளையெல்லாம் படம் எடுத்தவன் நான்; நாங்கள் சேர்ந்து ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அவள் தனியாக உட்கார்ந்திருக்கும் படம் மட்டும் இருந்தது. இறந்தவர்களைக் குடும்பப் படத்தில் ஒட்டிச் சேர்ப்பது எங்கள் தொழிலில் வழக்கம்தான். அவள் பார்க்க ஆசைப்பட்ட மயிலூற்று அருவியின் முன்னால் நான் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டு எடுத்துவந்தால் அவளைச் சேர்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

பெரம்பலூருக்கு இருபது மைல் இருக்கும். பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியால் ஓடிய பஸ், மூன்று மணி நேரம் இருமிக்கொண்டே போயிற்று. அங்கிருந்து லாடபுரத்துக்குப் பத்து மைல் மாட்டுவண்டி. வண்டிக்காரர் ராமசாமிக்கு வாய் ஓயாது.

"சம்சாரத்தக் கூட்டியாரலீங்களா?"

"இல்லை" என்றேன்.

மலையடிவாரத்திலிருந்து அருவிக்கு நடை. கேமராப் பெட்டியை அவரே தோளில் வாங்கிக்கொண்டார்.

விழும் நீர் வெள்ளைத் துணி விரித்தாற்போலப் பதிய வேண்டுமென்றால் லென்ஸ் வெகுநேரம் திறந்திருக்க வேண்டும். மரநிழல், மேகமூட்டம், இரண்டு நிமிடம் என்று கணக்கிட்டேன். லென்ஸ் மூடியைக் கழற்றிவிட்டு ஓடிப்போய்ப் பாறையில் உட்கார்ந்தேன். இடப்பக்கம் அவளுக்கு. இனி அசையவும் கூடாது, பேசவும் கூடாது.

பாதி நேரம்கூட ஆகியிருக்காது. "உடம்புக்கு முடியலீங்களா?" என்று ராமசாமி வந்து நின்றார். பதில் சொன்னால் படத்தில் என் முகம் கலங்கிவிடும். கல்லாகச் சமைந்திருந்தேன். அவர் அந்தக் காலி இடத்திலேயே உட்கார்ந்துகொண்டார். துண்டால் முகம் துடைத்தார், என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

மூடியைப் போட்டபிறகுதான் கத்தினேன். "ஏங்க அங்க வந்து உக்காந்தீங்க? இருந்தது ஒரே பிளேட்டு. போச்சு."

"பெட்டிக்குப் பின்னால கறுப்புத் துணிக்குள்ள ஆளே இல்லீங்களே, படம் புடிக்கிறது எப்படித் தெரியும்? தனியா குந்திக்கிட்டிருந்தீங்க, மனசு கேக்கல."

திரும்பும்போதும் கேமராப் பெட்டியை அவரே தோளில் வாங்கிக்கொண்டார்.

ஸ்டூடியோவுக்கு வந்து பிளேட்டைக் கழுவிப் படம் போட்டுப் பார்த்தேன். அருவி நினைத்தபடியே வந்திருந்தது. என் பக்கத்தில், பின்னாலிருக்கும் பாறை தெரியும்படி, வெளிறிய ஓர் உருவம். தலை ஓரிடத்தில் நிற்காததால் முகம் விழவில்லை. என் பக்கம் சாய்ந்து யாரோ உட்கார்ந்திருப்பது மட்டும் தெரிகிறது. அவள் படத்தை ஒட்டப் பலமுறை கத்தரியை எடுத்தேன், மனம் வரவில்லை. அப்படியே சட்டம் போட்டு மாட்டிவிட்டேன்.

மயிலூற்றுக்குப் போகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் போங்கள். சாரல் தெறிக்கும், லென்ஸைத் துடைக்கத் துணி வேண்டும். மூடி திறந்திருக்கும்வரை கிட்டே வரக் கூடாது என்று கூட வருகிறவரிடம் சொல்லிவிடுங்கள்.

"பக்கத்துல யாரு, சம்சாரங்களா?" என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். வண்டிக்காரர் என்று உள்ளதைத்தான் சொல்கிறேன். கடையை மூடிவிட்டு அந்தப் படத்துக்கு எதிரே தனியாக உட்காரும்போது மட்டும் அது வண்டிக்காரர் என்று சொல்லிக்கொள்ள முடிவதில்லை.