ஏரிக்கரையில் நான் சொன்ன ஆமாம்

எங்கள் குழுவுக்குத் தலைவர் என்று யாரும் கிடையாது. இதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்தான். யார் கையுறை எடுத்து வருவது, யார் எந்தப் பக்கம் வேலை செய்வது, எந்தப் படத்தை வாட்ஸப்பில் போடலாம், எந்தப் படத்தைப் போடக்கூடாது, எல்லாம் என்னைக் கேட்டுத்தான் நடக்கும். ஆனால் தலைவர் கிடையாது. அவ்வளவு அடக்கம் எனக்கு.

வைட்ஃபீல்டில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்மதிலைத் தாண்டினால் ஓர் ஏரி. அதை ஒட்டி, வனத்துறை வேலி போட்டுப் பாதுகாக்கிற சின்னக் காடு. ஞாயிறு காலை ஆறரைக்கு நாங்கள் இருபது பேர் போவோம். குப்பை பொறுக்குவோம், நட்ட கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவோம். ஏரி ஓரத்தில் பாய் விரித்த மாதிரி பரவுகிற ஒரு களைக்கொடியைப் பிடுங்கிக் கரையில் குவிப்போம். பொன்னாங்கண்ணிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும் அது. இந்த வாரம் பிடுங்கினால் அடுத்த வாரம் இரண்டு மடங்காக வந்து நிற்கும். அதன் மேல் எனக்குச் சொந்தப் பகையே இருந்தது.

எனக்கு ஊர் ஆரணி பக்கம். பெங்களூர் வந்து ஒன்பது வருடம். ஆபீஸில் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என்று காலம் ஓடிவிட்டது. குழு கொஞ்சம் பெரிதானதும், அதிலிருந்த ஒருவர், வனத்துறையோடு பேசக் கன்னடம் தெரிந்தவர் பொறுப்பில் இருந்தால் நன்றாயிருக்குமே என்று மெதுவாகச் சொன்னார். நியாயமான பேச்சு. எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது. அன்றைக்கே கன்னடம் கற்றுக்கொடுக்கும் ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டேன். இரண்டு மாதத்தில் 'ஊட்டா ஆயித்தா', 'பன்னி, கூத்கொள்ளி' வரை, அதாவது சாப்பாடு ஆச்சா, வாங்க உட்காருங்க வரை வந்துவிட்டேன். மிச்சத்துக்கெல்லாம் 'ஹௌது' இருந்தது. ஹௌது என்றால் ஆமாம். எதிராளி வேகமாகப் பேசினால் முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டி ஒரு ஹௌது. பெரும்பாலும் வண்டி ஓடியது.

கன்றுகளை ஆடு மாடு கடிக்காமல் இருக்க இரும்புக் கம்பிக் கூண்டுகள் வைத்திருந்தோம். ஒரு ஞாயிறு போய்ப் பார்த்தால் பதினோரு கூண்டுகளைக் காணோம். குழுவில் ஒரே கொந்தளிப்பு. திருடனைப் பிடிக்காமல் விடுவதில்லை என்று நானும் குரல் செய்தி போட்டேன்.

அதற்கடுத்த ஞாயிறு, ஏரி ஓரத்தில் ஒரு பெண்மணி குனிந்து நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் அரிவாள், பக்கத்தில் சாக்கு. எங்கள் ஆட்களில் ஒருவர் "ஏய், ஏய்" என்று ஓடினார். நாங்கள் எல்லாரும் பின்னால் ஓடினோம். சத்தம் கேட்டு வனக் காவலர் பைக்கில் வந்து இறங்கினார். சாக்கைக் கவிழ்த்தால் உள்ளே அந்தக் களைக்கொடிதான். நாங்கள் வாராவாரம் கையுறை போட்டுக்கொண்டு பிடுங்குகிற அதே சனியன். அவர் அதைக் கீரையாகச் சமைக்க வெட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதே எல்லாரும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். நான் சிரித்திருந்தால் மற்றவர்களும் சிரித்திருப்பார்கள்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "சார், நீங்க பி பிளாக் தானே? உங்க வீட்டம்மாகூட தமிழ்ல பேசினு போவீங்களே. நான் உங்க அபார்ட்மென்ட்ல மூணு வீட்ல வேல செய்றேன் சார். கீர சொப்பு பறிக்கத்தான் வந்தேன். கொஞ்சம் இவங்களாண்ட சொல்லுங்க."

இருபது பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கன்னடம் தெரிந்த ஆள் வேண்டுமென்று சொன்னவரும் பார்த்தார். எனக்குக் காது மடல் சுட்டது. நான் சொன்னேன், "கன்னடா, கன்னடா மாத்தாடி."

கன்னடத்தில் பேசுங்கள் என்று அர்த்தம். அவர் கன்னடம் தண்ணீர் பட்டபாடாகப் பேசுவார் என்பது அடுத்த நொடியே தெரிந்தது. காவலரிடம் கடகடவென்று பேசினார். காவலர் ஏதோ பதில் சொன்னார். எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. பிறகு காவலர் என் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்டார். அதில் 'வாரா' என்பதும் 'இவரேனா' என்பதும் மட்டும் காதில் விழுந்தன. வாராவாரம் வருகிறவர் இவர்தானா என்று கேட்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். இரண்டு மூன்று முறை அவரை அங்கே பார்த்திருந்தேன், அதுவும் உண்மைதான். "ஹௌது, ஹௌது" என்றேன். ஒன்று போதாதென்று இரண்டு.

அந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். பிறகு அழ ஆரம்பித்தார். கீரைக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. காவலர் அவருடைய போன் நம்பரை எழுதிக்கொண்டு, அரிவாளை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பினார். எங்கள் ஆள் ஒருவர் அவரைப் படம் எடுத்தார். நான் தடுக்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் நடைபாதையில், எங்கள் குழுவில் இருக்கும் ஒரு மேடம் என்னை நிறுத்தினார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இதே பெங்களூரின் ஒக்கலிபுரத்தில் பிறந்து வளர்ந்தவர், தமிழும் கன்னடமும் அவருக்கு ஒன்றுதான்.

"நீங்க உங்க கண்ணால பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"எதை மேடம்?"

"அந்தம்மா கூண்ட தூக்கினு போனத. ஹோத வாரா தகொண்டு ஹோகித்து இவரேனான்னு கார்டு கேட்டாரே. போன வாரம் எடுத்துட்டுப் போனது இவங்கதானான்னு. நீங்க ஆமான்னீங்க. நீங்க பாத்திருப்பீங்கன்னுதான் நான் வாய மூடிக்கினேன்."

சமாளிப்பாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

"ஐயோ மேடம், நான் வேற மாதிரி புரிஞ்சுக்கிட்டேன்."

"அப்ப மொதல்ல போய்ச் சொல்லுங்க. அந்தம்மா படம் எல்லா குரூப்லயும் சுத்துது. கேட்ல அவங்க பாஸ பிளாக் பண்ணிட்டாங்க. மூணு வீட்டு வேலையும் நின்னு போச்சு."

"இன்னிக்கே சொல்லிடறேன் மேடம்."

மறுநாள் அவர் மைசூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். நான் சொல்லிவிடுவேன் என்று நம்பித்தான் போனார்.

நான் சொல்லவில்லை. இதை எப்படி எழுதினாலும் அசிங்கமாகத்தான் இருக்கிறது, எழுதிவிடுகிறேன். வருகிற ஞாயிறு வனத்துறை அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. எங்கள் குழுவுக்குக் காட்டுக்குள் போய் வேலை செய்ய எழுத்துமூலமாக அனுமதி தரப்போகிறார். ஒரு வருடம் அதற்காக அலைந்திருந்தேன். கன்னடம் புரியாமல் ஒரு பெண்ணைத் திருடி ஆக்கிவிட்டேன் என்று அந்த நேரத்தில் சொல்வதா? ஞாயிறு முடியட்டும், திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம், நான்கு நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். நான்கு நாள் வேலையில்லாமல் இருப்பது நானில்லையே.

அதிகாரி வந்தார். நல்ல மனிதர். அனுமதிக் கடிதம் கொடுத்தார், எனக்குச் சால்வை போட்டார். கூண்டு திருட்டைக் கண்டுபிடித்ததற்காகக் குழுவைப் பாராட்டி இரண்டு வார்த்தை பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் கும்பிட்டபடி சிரித்துக்கொண்டு நின்றேன். மானங்கெட்டவன்.

விழா முடிந்து மண்வெட்டிகளை வைக்கக் காட்டோரத்துக் கொட்டகைக்குப் போனேன். மூலையில் பதினோரு கூண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. கால்கள் புதிதாகப் பற்றவைத்து, பச்சை பெயின்ட் அடித்து, பளபளவென்று. கன்றுகளைப் பார்த்துக்கொள்கிற தோட்டக்காரரிடம் கேட்டேன். அடி துருப்பிடித்துப்போச்சு, அதனால் வெல்டிங்குக்குக் கொண்டுபோனேன், உங்களுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேனே சார் என்றார் கன்னடத்தில். கையால் காட்டிக் காட்டிச் சொன்னதால் எனக்கே புரிந்தது. போனை எடுத்துப் பார்த்தேன். செய்தி இருந்தது. அதன் கீழே என் கட்டைவிரலும் இருந்தது. கேட்காமலே போட்ட கட்டைவிரல்.

அன்றைக்குச் சாயங்காலம் குடியிருப்புச் சங்கத்துக்கு மெயில் எழுதினேன். எத்தனை முறை எழுதி அழித்தேன் என்று தெரியாது. கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: கூண்டுகள் கிடைத்துவிட்டன, ஒரு தவறான புரிதல் ஏற்பட்டுவிட்டது, சம்பந்தப்பட்ட பெண்மணியின் பாஸைத் திரும்பக் கொடுக்கவும். யாருடைய புரிதல் என்று அதில் இல்லை. இரண்டு நாளில் பாஸ் திறந்துவிட்டது. அப்பாடா என்றுகூட நினைத்தேன்.

அடுத்த வாரம் ஆபீஸுக்குக் கிளம்பும்போது கேட் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். வண்டியை நிறுத்தி இறங்கினேன். இந்த முறை தமிழில்தான் பேசினேன்.

"அக்கா, பாஸ் வந்துடுச்சுல்ல?"

"வந்திச்சு சார்."

"அப்புறம் ஏன் இங்க நிக்கறீங்க?"

"எங்க போறது? ரெண்டு வீட்ல வேற ஆள் வச்சிட்டாங்க. நாலாவது மாடி அம்மா வீட்ல இன்னும் ஆள் வெக்கல. ஆனா கூப்பிடல. ஏழு வருசம் செஞ்ச வீடு சார் அது. என் படம் வந்த அன்னிக்கு அந்தம்மா என் பைய வாங்கி உள்ள கைய வுட்டுப் பாத்துச்சு. ஒன்னுமே பேசல, பாத்துட்டுக் குடுத்துச்சு."

"நான் அன்னிக்கு... கார்டு கேட்டது எனக்குப் புரியலக்கா. சத்தியமா. மன்னிச்சிடுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் கொட்டித் தீர்க்கப்போகிறார் என்று நினைத்தேன். அது எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"என்னாண்ட சொல்லி இன்னா ஆவும்? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா? அந்தம்மாகிட்ட வந்து சொல்லுங்க. போன்ல இல்ல. இப்ப வாங்க."

போனேன். அந்த வீட்டுக்காரர்கள் கோயம்புத்தூர் பக்கம். கதவைத் திறந்த பெண் மடிக்கணினியைக் கையில் ஏந்தியபடியே நின்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார், எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஒண்ணுமில்லைங்க, அந்தக் கூண்டு விஷயத்துல ஒரு தவறான புரிதல் நடந்துடுச்சு. இவங்க மேல எந்தத் தப்பும் இல்ல" என்றேன்.

"மெயில் பாத்தேனுங்க" என்றார் அவர்.

பின்னாலிருந்து குரல் வந்தது. "நடந்துடுச்சின்னு சொல்லாதீங்க சார். அதுவா நடந்துச்சா?"

நான் திரும்பினேன்.

"நீங்க சொன்னீங்க. அத சொல்லுங்க."

புரியாமல் சொன்னது பொய்யாகுமா என்று மனசுக்குள் ஒரு வக்கீல் எழுந்து வாதாடினான். ஆகாது, ஞாயிற்றுக்கிழமை ஆகாது. ஆனால் புதன்கிழமை மேடம் சொன்ன பிறகும் வாயைத் திறக்காமல் இருந்தேனே, சால்வை போட்டுக்கொண்டேனே, அதற்கு என்ன பெயர்?

"இவங்க எடுக்கலைங்க. நான்தான் பொய் சொன்னேன். எடுக்கலன்னு தெரிஞ்ச பின்னாடியும் யார்கிட்டயும் சொல்லல. எங்க குரூப்புக்குப் பேர் கெட்டுடுமேன்னு இருந்துட்டேன்."

அந்தப் பெண் மடிக்கணினியை மூடினார். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தரையைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் நின்றவரிடம், "அக்கா, நானும்... அன்னைக்குப் பையைப் பாத்திருக்கக் கூடாதுங்கக்கா. திங்கக்கிழமை வந்துடறீங்களா?" என்று கேட்டார்.

"யோசிச்சு சொல்றேம்மா" என்றார் அவர். குரலில் கெஞ்சலும் இல்லை, வீம்பும் இல்லை.

கதவு சாத்தியதும் நாங்கள் நடைவழியில் நடந்தோம். எங்கள் கட்டடத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு லிஃப்ட், வேலையாட்களுக்கும் சாமான்களுக்கும் இன்னொரு லிஃப்ட். மேலே வரும்போது அவரோடு அந்த இரண்டாவதில்தான் வந்திருந்தேன். இப்போதும் அதுதான் முதலில் வந்தது. அவர் உள்ளே போய், கதவு மூடாமல் இருக்கக் கையை வைத்து எனக்காகப் பிடித்துக்கொண்டார்.

"பேஜாரு பண்ணிக்காதீங்க சார், வருத்தப்படாம வாங்க" என்றார்.

நான் காலெடுத்து வைக்கப்போன நேரம் எதிரே குடியிருப்பவர்களின் லிஃப்ட் திறந்தது. உள்ளே எங்கள் குழுவில் கன்னடம் பற்றிப் பேசிய அதே ஆள். ஆபீஸ் பையோடு நின்றவர் என்னைப் பார்த்துக் கையசைத்து, "கீழேதானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் அவருடைய லிஃப்ட்டில் ஏறினேன். எங்கள் கதவு மூடுகிறவரைக்கும் அந்த அம்மா கையை எடுக்காமல் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.